ராமநாதபுரம் கடற்கரைக்கு ஊர் வருகிறவர்களுக்கு: தாலுகா, பட்டா, தண்ணீர், பாலம்

கீழக்கரை, தொண்டி, பனைக்குளம், பெரியபட்டினம் என்று கடலோரத்து ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள், விடுப்பில் வரும் ஒரு மாதத்துக்குள் பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, ஆதார், பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் தண்ணீர், பெற்றோருக்கு மருத்துவம் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கிறார்கள். எது எளிதில் நடக்கிறது, எது இழுக்கிறது, ஏன் என்பதை இந்தப் பயணத்தில் கண்டபடி எழுதுகிறேன். உங்கள் ஊர் இப்போது எந்தத் தாலுகாவில் இருக்கிறது, எந்தக் கடலைப் பார்த்து இருக்கிறது என்ற இரண்டையும் கிளம்புமுன் தெரிந்துகொள்ளுங்கள். அலைச்சலில் பாதி அங்கேயே குறையும்.

மாவட்டத்தின் கரை வடக்கே எஸ்.பி.பட்டினத்தில் தொடங்கி, மண்டபத்தில் மூக்குப்போல் கடலுக்குள் நீண்டு, தெற்கே சாயல்குடி தாண்டி ரோச்மாநகரில் முடிகிறது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஏறத்தாழக் கால்வாசி இந்த ஒரு மாவட்டத்தில்தான். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் நீரிணை. மீனவர்களுக்கு அது வடகடல். கீழக்கரை, ஏர்வாடி பக்கம் மன்னார் வளைகுடா; அது தென்கடல். ஆனி, ஆடியில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் அடங்கி இருக்கும். ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று எழும்பினால் நிலைமை தலைகீழ். பிள்ளைகளைப் படகில் அழைத்துப்போக நினைப்பவர்களுக்கு இது உதவும்: ஆடியில் வந்தால் தொண்டிப் பக்கம் காரங்காட்டு அலையாத்திக் காடு, தை மாதம் வந்தால் ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன்வலசை. மாற்றிப் போனால் காற்றைக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அது நியாயமும்கூட.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது சந்தைக்கு வருவது பெரும்பாலும் நாட்டுப்படகு மீன்தான். கல்யாணத்துக்கு மொத்தமாக மீன் வாங்க வேண்டியவர்கள் தேதி வைக்கும்போதே இதை நினைவில் வையுங்கள்.

இனி காகித வேலை. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் பணம் கொடுத்தால் நடந்துவிடும்.

ராமநாதபுரம் மாவட்டம் 1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்து உருவானது. ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் அன்று இதற்குள் வந்தன. சிவகங்கையும் திருப்பத்தூரும் இதில் அடங்கின. 1985 மார்ச் 15-ல் மூன்றாகப் பிரித்தார்கள்: இன்றைய ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர். ஆகவே மலேசியாவிலோ இலங்கையிலோ தாத்தாவின் பழைய தாளில் ‘ராம்நாடு ஜில்லா’ என்று மட்டும் இருந்தால், அவர் ஊர் காரைக்குடியாகவும் இருக்கலாம், சிவகாசியாகவும் இருக்கலாம். நேரே ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் நிற்காதீர்கள். தாளில் தாலுகா பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், கண்மாய் இவற்றின் பெயரை வைத்து ஊரைப் பிடிக்க வேண்டும்.

இப்போதைய மாவட்டத்தில் ராமநாதபுரம், ராமேஸ்வரம், கீழக்கரை, திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம், பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி, கடலாடி என்று 9 தாலுகாக்கள். கீழக்கரையும் ஆர்.எஸ்.மங்கலமும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் பிரிந்தவை. உங்கள் பத்திரத்தில் ‘திருவாடானை வட்டம்’ என்று இருக்கும் கிராமம் இணையத்தில் ஆர்.எஸ்.மங்கலத்தின்கீழ் வரலாம். பழைய தாலுகாவில் தேடி ஊர் வரவில்லை என்றதும் பதிவே இல்லை என்று பயந்துவிடுகிறார்கள். புதிய தாலுகாவை மாற்றித் தேடிப் பாருங்கள். பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் இலவசமாகவே பார்த்து எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்தே இந்த வேலையை முடித்துவிட்டு விமானம் ஏறுவது நல்லது. வில்லங்கச் சான்று பதிவுத் துறையின் தளத்தில் தனி. பதிவுத் துறையின் எல்லையும் தாலுகா எல்லையும் ஒன்றல்ல. எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்பதைப் பத்திரத்தின் முத்திரையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிலம் தாத்தா காலத்தது என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. இது சேதுபதிகளின் சீமை. கிழவன் சேதுபதி காலத்தில் போகலூரிலிருந்து தலைநகர் ராமநாதபுரத்துக்கு வந்தது. பிற்பாடு ஆங்கிலேயர் ஆட்சியில் சீமை ஜமீனாகி, 1948-ல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரை நீடித்தது. அதன் பிறகுதான் ரயத்துவாரி முறையில் நிலவரித் திட்டம் நடந்து இன்றைய சர்வே எண்கள் வந்தன. இனாம் (மானியமாகக் கொடுத்த) நிலங்களுக்கு 1963-ல் தனிச் சட்டம். நிலவரித் திட்டத்துக்கு முந்தைய பத்திரத்தில் நான்கெல்லையும் பழைய எண்ணும்தான் இருக்கும். அந்த எண்ணை இணையத்தில் போட்டால் வேறொருவர் நிலம் வரும். பழைய எண்ணுக்கு நேரான புதிய எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகப் பதிவேட்டிலும் கேட்டுத்தான் அறிய முடியும். விடுப்பின் முதல் வாரத்திலேயே இதைத் தொடங்குங்கள்.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம், கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்தபின் வட்டாட்சியர் கையெழுத்து. திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மணமாகிப் போன மகள் பெயரை விட்டுவிடுவது. இறந்தவரின் தாய் உயிரோடிருந்தால் அவர் பெயரும் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் வாரிசின் பாஸ்போர்ட் நகலைக் கையில் வையுங்கள்.

நேரில் வர முடியாத உடன்பிறப்புக்குப் பவர் பத்திரம் என்றால், அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். இந்தியாவுக்குத் தாள் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

ஆதாருக்கு, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 182 நாள் காத்திருக்க வேண்டியதில்லை, வந்தவுடனே பதியலாம். ஓசிஐ அட்டைக்காரர்களுக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) அந்த 182 நாள் தங்கல் விதி உண்டு. வெளிநாட்டு எண்ணுக்குக் குறுஞ்செய்தி வராது என்பதால் உள்ளூர் எண் ஒன்றை உயிரோடு வைத்திருங்கள். இனிஷியல்தான் பெரிய தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும் பட்டாவில் ஓரெழுத்தாகவும் இருக்கும். எந்தப் பதிவை எதற்கு ஒத்துத் திருத்துவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைப்பதே என் யோசனை.

தண்ணீர். வைகை இந்த மாவட்டத்துக்கு வரும்போது பெரும்பாலும் மணல்தான். மிஞ்சிய வெள்ளம் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்தால் நல்ல வருஷம். மழை வடகிழக்குப் பருவத்தையே நம்பி இருக்கிறது. கடலோரத்தில் போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். குழாயில் வருவது காவிரி கூட்டுக் குடிநீர், திருச்சிப் பக்கத்திலிருந்து புதுக்கோட்டை, சிவகங்கை தாண்டி வருகிறது. நாம் குழாயின் கடைசி முனையில் இருக்கிறோம். வழியில் எங்கே உடைந்தாலும், எந்த நீரேற்று நிலையத்தில் மின்சாரம் போனாலும் முதலில் நிற்பது நம் குழாய். வீட்டில் தரைத்தொட்டி இல்லாமல் சமாளிக்க முடியாது. வீடு கட்டுகிறவர்கள் மொட்டைமாடி மழைநீரைத் தனித் தொட்டியில் பிடியுங்கள். சமையலுக்கு அதைவிட நல்ல தண்ணீர் இந்தக் கரையில் கிடையாது. உப்புத் தண்ணீரைச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் விடுமுன் உப்பளவைச் சோதித்துப் பாருங்கள். வீட்டு உபயோக இயந்திரத்தின் சவ்வு அதிக உப்பில் சீக்கிரம் போய்விடும்.

2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 13,53,445; பத்தில் ஏழு பேர் கிராமத்தில். முஸ்லிம்கள் 15 விழுக்காட்டுக்குச் சற்று மேல், ஆனால் கடலோர ஊர்கள் பலவற்றில் அவர்களே அதிகம். மேற்கே கமுதி, முதுகுளத்தூர் பக்கம் மானாவாரி நெல், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய், சீமைக்கருவேல் கரி. இவ்வளவு பரந்து சிதறிக் கிடக்கும் மக்களுக்கு 2022-ல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது பெரிய ஆறுதல். அதற்குமுன் எதற்கெடுத்தாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் மதுரை ஓட வேண்டும். சிக்கலான சிகிச்சைக்கு இன்னும் மதுரைதான். வயதானவர்களோடு ராமேஸ்வரம் தீவில் தங்குகிறவர்கள், ராமநாதபுரத்துக்கு 55 கிலோமீட்டர் என்பதையும் நடுவே சாலைப் பாலம் ஒன்றே ஒன்று என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்தப் பாம்பன் சாலைப் பாலம் 1988-ல் திறந்தது. 1914-ன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. செங்குத்தாகத் தூக்கும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்தது. காற்று வரம்பு மீறினால் ரயில், பாலத்தில் ஏறாமல் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் விமானம் பிடிக்க வேண்டிய நாளன்று தீவிலிருந்து ரயிலை நம்பாதீர்கள். முந்தின நாளே ராமநாதபுரம் வந்துவிடுங்கள். ஆடி, தை அமாவாசை நாட்களில் பாலத்தில் வண்டி நகராது. செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரனுக்கும் அக்டோபர் 30 பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவருக்கும் நினைவு நாள்கள். அவற்றையொட்டி வாகனக் கட்டுப்பாடு, வழி மாற்றம், பேருந்துக் குறைவு இருக்கும். மதுரை விமானத்துக்குப் போகிறவர்கள் மாற்றுவழியைக் காவல்துறை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் இல்லை. உச்சிப்புளியில் இருப்பது கடற்படைத் தளம். தொண்டி, திருவாடானைக்காரர்கள் மதுரையோடு திருச்சியையும் ஒப்பிட்டுப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.

எல்லை மாவட்டம் என்பதால் சில விதிகளில் இங்கே கண்டிப்பு அதிகம். தலைமன்னார் தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள். 1964 புயலில் ஊர் அழியும்வரை ரயிலும் கப்பலும் இணைந்த வழி அது. 1983-க்குப் பிறகு அகதிகள் வந்த வழியும், 2022-ல் மறுபடி வந்த வழியும் அதுவே. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்காரர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட், விசா நகல்கள் இரண்டு தயாராக வைத்தால் இரவில் அறை தேடி நிற்க வேண்டாம். துராயா போன்ற செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதியின்றிக் கொண்டுவந்தால் வழக்கு. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை பக்கம் கைபேசி இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். தானியங்கித் தேர்வை நிறுத்தி உள்ளூர் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் ரோமிங் கட்டணம் ஏறும். அங்கே போகிறவர்கள் வெயில் தாழ்வதற்குள் திரும்பிவிட வேண்டும். இருட்டியபின் அந்தச் சாலையில் அனுமதி இல்லை.