பினாங்குக் கடற்கரையில் எண்ணெய் ஓவியம்: கேன்வாஸா, பலகையா?

பத்து ஃபெரிங்கி மணலிலோ தெலுக் பஹாங் படகுத்துறையிலோ நின்று வரையப் புறப்படும் நண்பர்கள் தடுமாறுவது இதில்தான்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸா, ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு பூசிய மரப்பலகையா?

காற்று: பாதி வழக்கு இங்கேயே தீர்ந்துவிடும். கேன்வாஸ் கப்பற்பாய்போலக் காற்றை வாங்கி, அதைத் தாங்கி நிற்கும் ஈசல் என்னும் ஓவியச் சட்டகத்தையும் சேர்த்துச் சாய்க்கும். சிறிய பலகை அவ்வளவு எளிதில் அசையாது.

வெளிச்சம்: கேன்வாஸின் பின்புறம் வெயில் விழுந்தால் துணி வழியே ஒளி ஊடுருவும், கடல் நீலம் பளிச்சென்று தெரியும். வீட்டுக்குள் வந்ததும் அதே நீலம் மங்கிக் கிடக்கும். பின்னால் ஓர் அட்டையைச் செருகினால் போதும். பலகைக்கு இந்தத் தொல்லையே இல்லை.

ஈரப்பதம்: கேன்வாஸ் தொய்யும், சட்டத்தின் மூலை ஆப்புகளைத் தட்டி இறுக்கலாம். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் ஓரம் நீர் குடித்து உப்பும். விளிம்புகளுக்கும் பூச்சு கொடுங்கள்.

தூரிகை: கேன்வாஸ் துள்ளிக்கொடுக்கும், அதன் இழை வண்ணத்தைப் பற்றும். பலகை வழுக்கும், வண்ணக் கத்தி பிடிப்பவர்களுக்கு அதுவே சுகம்.

விலை: நீங்களே அறுத்துப் பூசினால் பலகை மலிவு.

சுமை: சிறியதென்றால் பலகை, இரண்டடியைத் தாண்டினால் கனத்துவிடும். எண்ணெய் வண்ணம் காய நாட்கணக்காகும் என்பதால், பஸ்ஸில் திரும்புபவர்கள் பலகைகளைப் பள்ளமிட்ட பெட்டியில் செருகிக்கொள்ளலாம். பக்கத்து இருக்கைக்காரரின் வெள்ளை வேட்டியும் தப்பும்.

ஒரே அமர்வில் அலையையும் மேகத்தையும் பிடிக்கப் பலகைதான். படகுத்துறை வீடுகளைப் பெரிதாக, பல நாள் வரைய கேன்வாஸ். ஆனால் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் கடற்காற்று வலுக்கும்.