‘புரோட்டீன் பெட்டி’ என்று 4,860 ரேண்டைப் பிடுங்கிவிட்டார்கள்: டர்பன் சொந்தங்களே, உஷார்!

இங்கே தென்னாப்பிரிக்காவில், முன்பணம் வாங்கிக்கொண்டு இறைச்சியும் மீனும் வீட்டுக்கே அனுப்புவதாகச் சொல்லும் ஓர் ஆன்லைன் கடை என் 4,860 ரேண்டை ஏமாற்றிப் பிடுங்கிவிட்டது. என் எண்ணையும் தடுத்துவிட்டார்கள் என்று இன்று காலைதான் தெரிந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இப்போது போடவில்லை. ஆனால் ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ளுங்கள். சமூக வலைதளத்தில் ஒரு பக்கம் மட்டும் இருக்கும், கடைக்கு முகவரி இருக்காது. ‘உடம்பு தேற வேண்டியவர்களுக்குப் புரோட்டீன் பெட்டி’ என்று மாதக் கணக்கில் விற்பார்கள். எந்தக் கறி, எந்த மீன் வாங்கலாம் என்று எனக்குத் தோன்றுவதைக் கடைசியில் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்து அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்தபோது ஆள் பாதியாகிவிட்டார். எடை 60 கிலோதான். உணவு ஆலோசகர் கிலோவுக்கு 1.2 கிராம் கணக்கில் ஒரு நாளைக்கு 72 கிராம் புரோட்டீன் சேர்க்கச் சொன்னார். வயதானவர்களுக்குத் தசை கரைந்தால் திரும்ப வருவது கஷ்டம், மூன்று வேளையும் பிரித்துக் கொடுங்கள் என்றார். அப்பாவோ அப்போது புரட்டாசி விரதத்தில் இருந்தார். மருத்துவர் சொல்லியும் கேட்கவில்லை. பருப்பும் சுகர் பீன்ஸும் தயிருமாக ஒப்பேற்றினோம். மாதம் முடிந்தவுடன் நல்ல கறியும் மீனும் கொடுத்துத் தேற்றிவிட வேண்டும் என்று நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்த விளம்பரம் வந்தது. புரட்டாசி முடிந்து, நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எல்லார் வீட்டிலும் மீன் சட்டி ஏறும் நாள் எது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 5 கிலோ, ஹேக் மீன் 3 கிலோ, கிங்கிளிப் மீன் 2 கிலோ, ‘இன்று காலை பிடித்த’ ஷாட் மீன் 2 கிலோ, கொழுப்பு நீக்கிய ஆட்டுக்கறி 1 கிலோ. மாதம் 1,620 ரேண்ட். மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் விலை ஏறாது, 4,860 ரேண்ட். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரோட்டீன் என்று அட்டவணை வேறு. கோழி நெஞ்சுக்கறிக்கு 31 என்று போட்டிருந்தார்கள். நான் சரிபார்த்தேன், எண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது வெந்த கறிக்கான கணக்கு. பச்சைக் கறியில் 22, 23 கிராம்தான் இருக்கும். வேகும்போது தண்ணீர் போய் எடை குறைவதால்தான் 31 ஆகிறது. பச்சைக் கறியை விற்றுக்கொண்டு வெந்த கறியின் எண்ணைக் காட்டுவது திட்டமிட்ட ஏமாற்று.

இருந்தாலும் விளம்பரத்தைப் பார்த்து நான் பணம் கட்டவில்லை. போன் செய்து பேசினேன். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு வணக்கத்துக்கு மேல் தமிழ் வராத ஊரில், போனை எடுத்தவன் சரளமாகத் தமிழில் பேசினான். அதைக்கூட விடுங்கள். “அக்கா, அப்பாவுக்குக் கிட்னி எப்படி? கிரியேட்டினின் பிளட் டெஸ்ட் பார்த்தீங்களா? கிட்னி சரியில்லைன்னா இவ்வளவு புரோட்டீன் கொடுக்கக்கூடாது, டாக்டரைக் கேட்டுட்டு அப்புறம் ஆர்டர் போடுங்க, அவசரமே இல்லை” என்றான். விற்க வந்தவன் விற்பனையை நிறுத்தி வைத்துவிட்டு அப்பாவின் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்கிறான்! அந்த இடத்தில் நம்பிவிட்டேன். ரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்து அவனுக்கு வாசித்துக் காட்டினேன். “நல்லா இருக்குக்கா, தைரியமா கொடுங்க” என்றான். அன்று இரவே 4,860 ரேண்டை அவன் சொன்ன கணக்கில் போட்டேன். அவன் கேட்ட கேள்வி சரியான கேள்விதான். அதை ஒரு நோயாளியின் மகளிடம் தூண்டிலாகப் போட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதல் பெட்டி சொன்ன நாளுக்கு வரவில்லை, பிறகு வந்தது. எல்லாம் பெயரோ தேதியோ இல்லாத வெறும் பிளாஸ்டிக் பைகள். கோழியைச் சட்டியில் போட்டால் வறுபடவே இல்லை, தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தது. வாயில் வைத்தால் உப்பு. நான் உப்பே போடவில்லை! இந்த நாட்டில் உறைந்த கோழிக்குள் உப்புநீர் ஏற்றுவது பழைய பழக்கம். அதற்கு 2016-இல் விதி கொண்டுவந்து, துண்டுக் கோழியில் 15 சதவீதத்துக்கு மேலும் முழுக் கோழியில் 10 சதவீதத்துக்கு மேலும் ஏற்றக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அந்த 15 சதவீதத்திலேயே கிலோவுக்கு 150 கிராம் தண்ணீருக்குக் காசு போகிறது, 22 கிராம் புரோட்டீன் 19-க்கு இறங்குகிறது. எங்களுக்கு வந்ததில் எவ்வளவு ஏற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்? அப்பா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ‘இயற்கையான கோழி, எதுவும் சேர்க்காதது’ என்று எழுதி வாங்கிய பணம் இது.

மீன் இன்னும் மோசம். கிங்கிளிப் என்று வந்த ஒரு கிலோ பையை உருகவிட்டு நிறுத்துப் பார்த்தேன், 610 கிராம். மீதி அத்தனையும் ஐஸ். உறைந்த மீன் காய்ந்துபோகாமல் இருக்க மேலே மெல்லிய பனிப்பூச்சு கொடுப்பார்கள், அது எல்லா இடத்திலும் உள்ளதுதான். ஆனால் அந்த எடையை மீன் எடையில் சேர்த்து விற்கக்கூடாது. சரி, அந்த 610 கிராமாவது கிங்கிளிப்பா என்றால் அதுவும் இல்லை. கிங்கிளிப் சதை கெட்டியாக இருக்கும், குழம்பில் உடையாது. இது தொட்டாலே கரைந்தது, சேற்று வாடை அடித்தது. ஒரு துண்டை டப்பாவில் போட்டு விக்டோரியா தெரு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய், எங்களுக்கு வழக்கமாக மீன் வெட்டிக் கொடுக்கும் அங்கிளிடம் காட்டினேன். பார்த்த உடனே “இது குளத்தில் வளர்க்கிற பாசா மீன்மா, கிங்கிளிப் விலை கொடுத்தீங்களா?” என்று கேட்டார். ஷாட் வரவே இல்லை. அதைச் சொன்னதும் அவருக்கே கோபம் வந்துவிட்டது. அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் ஷாட் பிடிக்கத் தடை. தடைக்காலத்தில் ‘இன்று காலை பிடித்த ஷாட்’ என்று விளம்பரம் போடுகிறவன் பொய்யன் என்று அப்போதே தெரிந்திருக்கும் என்றார்.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. முதலில், “படம் அனுப்புங்கக்கா.” அனுப்பினேன். தராசில் வைத்த படத்தையும் அனுப்பினேன். “சப்ளையரைக் கேட்கிறேன்.” பிறகு, “ஐஸ் மீனைக் காப்பாத்தத்தான், அது தரம்.” பிறகு, “நீங்க ஃப்ரிட்ஜில் சரியா வைக்கலை, எங்க பொறுப்பு இல்லை.” இரண்டாவது பெட்டி எங்கே என்றால் டிரைவருக்கு விபத்து. அடுத்த முறை கேட்டால் லோட் ஷெட்டிங் மின்வெட்டில் குளிர்பதன அறை நின்றுபோய் மொத்தச் சரக்கும் கெட்டுவிட்டதாம். அந்த வாரம் முழுவதும் டர்பனில் ஒரு மணி நேரம்கூட மின்வெட்டு கிடையாது! பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டதும் தமிழ் போய்விட்டது, இங்கிலீஷில் ‘கம்பெனி பாலிசி’ என்று ஒரு வரி. அக்கா என்று கூப்பிட்டவன் ‘கஸ்டமர்’ என்று எழுதினான். கடைசியில் செய்தி போய்ச் சேரவே இல்லை, எண்ணைத் தடுத்துவிட்டான்.

வங்கியில் கேட்டேன். நீங்களே அனுப்பிய பணம், வாங்கியவர் சம்மதிக்காமல் திருப்ப முடியாது என்றார்கள். ஆன்லைனில் வாங்கியதை 7 நாளில் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், அன்றாடச் சாப்பாட்டுப் பொருளை வீட்டுக்கு வரவழைத்தால் பொருந்தாது. இதையும் தெரிந்துதான் செய்கிறார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்பதை 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அதை வைத்து நுகர்வோர் குறைதீர்ப்பாளருக்கு எழுதியிருக்கிறேன், போலீஸிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 4,860 ரேண்ட் எங்கள் வீட்டில் சின்னத் தொகை இல்லை. அப்பாவின் நடைப்பயிற்சி சிகிச்சைக்கு ஒதுக்கி வைத்திருந்ததில் இருந்து எடுத்தது. அப்பாவுக்கு இன்னும் முழுத் தொகையைச் சொல்லவில்லை. தெரிந்தால் அந்த மனிதர் சாப்பிடுவதையே நிறுத்திவிடுவார்.

எதை வாங்கலாம் என்று விவரமாக எழுத உட்கார்ந்தேன், இப்போது மனசு நிலையில் இல்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன்.

கோழிப் பையில் உப்புநீர் எத்தனை சதவீதம் என்று படிக்காமல் வாங்காதீர்கள். லேபிளே இல்லாத பையைத் தொடாதீர்கள். முடிந்தால் சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் உயிர்க்கோழியாக வாங்குங்கள். மீனைத் தோலோடு, தலையோடு முழுசாகப் பார்த்து வாங்கி, கண்ணெதிரே வெட்டச் சொல்லுங்கள். தோல் உரித்த வெள்ளைத் துண்டில் எந்த மீன் என்று நம்மால் சொல்ல முடியாது. கொத்துக்கறியும் அப்படித்தான். 2013-இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 139 இறைச்சிப் பொருட்களைச் சோதித்து, 68 சதவீதத்தில் லேபிளில் சொல்லாதவை கலந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கறியை வாங்கி அங்கேயே கொத்தச் சொல்லுங்கள். புரோட்டீனுக்குக் கிங்கிளிப்தான் வேண்டும் என்று இல்லை. ஹேக்கிலேயே 100 கிராமுக்கு 17 கிராம் அளவுக்கு இருக்கிறது. முட்டை ஒன்றில் 6 கிராம். நம் வீட்டு டின் மீன் கறிக்குப் போடும் பில்சார்ட் மீனில் புரோட்டீனும் உண்டு, முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் உண்டு. அப்பா இப்போது அதைத்தான் சாப்பிடுகிறார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேளுங்கள், விற்கிறவனிடம் கேட்காதீர்கள்.

முகவரி இல்லாத கடைக்கு மூன்று மாதப் பணத்தை முன்னாலேயே கட்டாதீர்கள், எவ்வளவு அன்பாகப் பேசினாலும் சரி. இதே மாதிரிப் பெட்டிக்குப் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் பணம் போட்ட ரசீது, கணக்கு எண், அவன் அனுப்பிய செய்திகள் எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தெரியப்படுத்துங்கள். சேர்ந்து புகார் கொடுப்போம்.