முதல் பாகத்தை வெட்டுவதற்கு முன் ரன்னரைப் பாருங்கள்

போன மாதம், பாகங்களை நாமே பொருத்திக் கட்டும் ஒரு சின்ன ரோபோ பொம்மை கிட் வாங்கி ஏமாந்தேன். பெரிய தொகை இல்லை. தொகை சின்னது என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் வாங்க நினைத்தது 'கன்டம்' என்ற ஜப்பானிய அனிமேஷன் வரிசையின் முதல் ரோபோவான ஆர்எக்ஸ்-78-2. 1980-ல் பண்டாய் என்ற ஜப்பானியப் பொம்மை நிறுவனம் இதன் முதல் கிட்டை 300 யென்னுக்கு விட்டது. அந்தக் காலத்தில் பசை போட்டு ஒட்ட வேண்டும், வண்ணமும் நாமே அடிக்க வேண்டும். இப்போது வருபவற்றில் பாகங்கள் நிறத்தோடே வார்க்கப்பட்டு வருகின்றன. வெட்டி எடுத்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். மலிவான சிறிய கிட்டிலும் அப்படித்தான். மலிவு என்றாலே மட்டம் என்று நினைப்பவன் இல்லை நான். மலிவான அசல் கிட் சிலவற்றைக் கட்டியிருக்கிறேன், நன்றாகவே இருந்தன.

ஆன்லைனில் ஒரு விற்பனையாளரின் பக்கத்தில் படம் பிரமாதமாக இருந்தது. தலைப்பில் '1/144 ஹை கிரேட்', 'பசை தேவையில்லை'. 1/144 என்பது கதையில் வரும் ரோபோவை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பது, ஹை கிரேட் என்பது பண்டாயின் ஒரு கிட் வரிசையின் பெயர். விலை வழக்கத்தைவிடப் பாதிக்கும் கீழே. ஏன் என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. 'பெட்டி இல்லாமல் அனுப்பப்படும்' என்றும் போட்டிருந்தது. அஞ்சல் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள் போல என்று நானே அவர்களுக்காக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

வந்தது ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே நான்கு ரன்னர். புதிதாக வருபவர்களுக்கு: ரன்னர் என்பது பாகங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டம். கூடவே ஒரு தாள் ஸ்டிக்கர், மங்கலாக நகலெடுத்த குறிப்புத்தாள், இலவசமாக ஒரு கட்டர். அந்தக் கட்டர் மூன்றாவது வெட்டிலேயே வாய் கோணிக்கொண்டது. அதை விடுங்கள்.

இங்கேதான் என் தவறு. அசல் ரன்னரை எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டை இருக்கும். அதில் A, B என்ற எழுத்து, கிட்டின் பெயர், நிறுவனத்தின் பெயர், எந்த வகைப் பிளாஸ்டிக் என்ற குறி எல்லாம் புடைப்பாக வார்த்திருக்கும். என் கையிலிருந்த ரன்னரிலும் பட்டை இருந்தது. A, B எழுத்துகளும் இருந்தன. நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் வழவழவென்று வெறுமையாக இருந்தது. அசல் அச்சைப் பார்த்து நகலெடுத்துப் பெயரை மட்டும் வழித்துவிட்டிருக்கிறார்கள். ஒரு பார்வையில் பிடித்திருக்கலாம். கட்டும் ஆசையில் நேராக நிப்பரை, அதாவது பாகங்களை வெட்டி எடுக்கும் இடுக்கியை, எடுத்துவிட்டேன்.

தலை ஒழுங்காகவே வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மார்புப் பகுதியின் சிவப்பும் நீலமும் இடைவெளியில்லாமல் உட்கார்ந்தன. அதைப் பார்த்து ஏமாந்து இன்னும் வேகமாக வெட்டினேன்.

கைக்கு வந்தபோது சாயம் வெளுத்தது. பாகத்தையும் ரன்னரையும் இணைக்கும் காம்பை கேட் என்பார்கள். அசலில் அது மெல்லியதாக இருக்கும். முதலில் சற்றுத் தள்ளி ஒரு வெட்டு, பிறகு ஒட்டி ஒரு வெட்டு, அவ்வளவுதான். இதில் காம்பு பென்சில் முனை தடிமன். எவ்வளவு கவனமாக வெட்டினாலும் அடியில் பிளாஸ்டிக் கிள்ளுப்பட்டு வெள்ளையாகிவிடுகிறது. வெள்ளைப் பாகத்தில் தெரியாது. நீலத்திலும் சிவப்பிலும் தேமல் விழுந்ததுபோலத் தெரியும். 400, 800 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்தேன். தேமல் போனது, ஆனால் அந்த இடம் மட்டும் பளபளப்பு இழந்து மங்கிப்போனது. பாகங்களின் ஓரமெல்லாம் கசிந்து உறைந்த மெல்லிய தோல் வேறு. அதைக் கத்தியால் சீவி எடுக்கவே ஒரு மாலை போயிற்று.

அடுத்தது ஆணிகள். ஒரு பாகத்தின் ஆணி இன்னொன்றின் துளைக்குள் போய்ப் பிடித்துக்கொள்வதுதான் இந்தக் கிட்டுகளின் அடிப்படையே. என்னுடையதில் பாதி ஆணிகள் துளைக்குள் போகவே இல்லை. மீதி போய்விட்டுத் தானாக வெளியே வந்தன. இறுக்கமானதை அழுத்தியபோது முன்கையில் நீளமாக ஒரு விரிசல். இறுக்கமான ஆணியின் முனையைச் சாய்வாகக் கொஞ்சம் சீவிவிட்டு அழுத்தினால் விரியாது என்பது எனக்குத் தெரிந்த வித்தைதான். விரிசல் விழுந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. தளர்ந்ததற்கு வழி, பந்து மூட்டில் சூப்பர் க்ளூவை மெல்லப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு பொருத்துவது. காய்வதற்கு முன்னால் பொருத்தினால் மூட்டு ஜென்மத்துக்கும் அசையாது. 'பசை தேவையில்லை' என்று விற்ற கிட்டுக்கு நான் மூன்று இடத்தில் பசை போட்டேன்.

குறிப்புத்தாளில் இடுப்புக்குள் பாலிகேப் போடச் சொல்லிப் படம் இருந்தது. மூட்டுக்குள் வைக்கும் மிருதுவான பிளாஸ்டிக் வளையம் அது. மூட்டு தேயாமல் இறுக்கமாக இருக்க உதவுவது. பையைக் கவிழ்த்துத் தேடினேன். நான்கு ரன்னரிலும் இல்லை. படத்தை நகலெடுத்தவர்கள் பாகத்தை விட்டுவிட்டார்கள்!

எப்படியோ கட்டி முடித்து மேசையில் நிறுத்தினேன். மெதுவாக மண்டியிட்டு முன்னால் விழுந்தது. மறுபடி நிறுத்தினேன், மறுபடி மண்டியிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன் கேட்டான்: "மாமா, இதுக்கு முழங்கால் வலியா?"

அவன்தான் அளவுகோலையும் கொண்டுவந்தான். கதைப்படி இந்த ரோபோவின் உயரம் 18 மீட்டர். 144-ஆல் வகுத்தால் 12.5 சென்டிமீட்டர் வர வேண்டும். எங்கள் வீரர் எட்டரை. கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 1/212. பாகங்கள் சின்னதாக இருக்கிறதே என்று வெட்டும்போதே தோன்றியது. சின்ன கிட் என்றால் சின்னதாகத்தானே இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்த வகுத்தல் கணக்கை வாங்குவதற்கு முன்பே போடலாம். பக்கத்தின் அடியில் உயரம் 8.5 என்று பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. தலைப்பில் ஒரு அளவு, அடியில் வேறு அளவு.

விற்பனையாளருக்குப் படங்களோடு எழுதினேன். முதல் பதில்: "பாகங்களை வெட்டிவிட்டீர்கள், இனி திரும்ப எடுக்க முடியாது." எல்லாம் இதில்தான் இருக்கிறது. கோளாறு என்ன என்பது வெட்டிக் கட்டினால்தான் தெரியும். வெட்டிவிட்டால் திருப்பித் தர முடியாது. வெட்டாமலே தெரிந்துகொள்ளக்கூடியவை மூன்றுதான்: ரன்னர் பட்டையில் பெயர் இருக்கிறதா, குறிப்புத்தாளின் தொடக்கத்தில் வரைந்திருக்கும் ரன்னர்கள் எல்லாம் கையில் இருக்கின்றனவா, சொன்ன அளவும் வந்த அளவும் ஒன்றா. பையைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொண்டு இந்த மூன்றையும் பாருங்கள். நிப்பர் அதுவரை மேசைக்குள்ளேயே இருக்கட்டும்.

அசல் என்று சொல்லி நகலை அனுப்பியிருக்கிறீர்களே என்றேன். "அசல் என்று எங்கும் போடவில்லை" என்று பதில். போய்ப் பார்த்தேன், உண்மைதான். படமும் 'ஹை கிரேட்' என்ற பெயரும்தான் அசலிலிருந்து எடுத்தவை. 'அசல்' என்ற வார்த்தையை மட்டும் கவனமாகத் தவிர்த்திருக்கிறார்கள். 'பிராண்ட்' என்ற இடத்தில் 'பொது' என்றிருந்தது. வேறு நிறுவனங்கள் சொந்தமாக வடிவமைத்து, சொந்தப் பெயரில் நல்ல கிட் விற்கின்றன. அவர்கள் பெயரை மறைப்பதில்லை.

மூன்றாம் நாள் அவர்களே ஒரு பேரம் கொண்டுவந்தார்கள். ஐந்து நட்சத்திரம் போட்டால் பாதிப் பணம் திரும்ப வருமாம். அந்தப் பக்கத்தில் குவிந்து கிடந்த ஐந்து நட்சத்திரங்கள் எப்படி வந்தன என்று அப்போது புரிந்தது. "சூப்பர்", "வேகமாக வந்தது" என்ற இரண்டு வார்த்தை மதிப்புரைகள். ஒன்றில்கூடக் கட்டி முடித்த ரோபோவின் படம் இல்லை. நான் ஒரு நட்சத்திரம் போட்டு, மண்டியிட்ட படத்தையும் சேர்த்தேன். இரண்டு நாளில் அந்தப் பக்கமே காணாமல் போனது. தளத்துக்குக் கொடுத்த புகாருக்கு 'விற்பனையாளர் இப்போது இல்லை' என்று ஒரு வரி பதில். பணம் வரவில்லை.

நேற்று அதே கிட் வேறொரு கடைப் பெயரில் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. படம் அதேதான். யாரோ ஒருவர் அசலைக் கட்டி, கோடுகளுக்கு மை ஓட்டி, ஆசையாக எடுத்த படத்தைத் திருடியிருக்கிறார்கள். கேடயத்தின் கீழ் ஓரத்தில் வெட்டப்பட்ட பெயர் முத்திரையின் பாதி எழுத்து இன்னும் தெரிகிறது, பின்னணியில் சாம்பல் நிறத் துணி. அதைப் பார்த்தால் அதுதான்.