மூங்கில் டிஷ்யூ: இரண்டரை வருஷம் பயன்படுத்திய பிறகு

டிஷ்யூ வாங்கும் பழக்கமே எங்கள் வீட்டில் இருந்ததில்லை. அடுப்படிக்குப் பழைய வேட்டியைக் கிழித்த துணி, கை துடைக்க ஒரு துண்டு, வடை சுட்டால் எண்ணெய் வடியச் செய்தித்தாள். அவ்வளவுதான். 2022 கடைசியில் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, வலப்பக்க வாயோரம் எச்சில் வடிய ஆரம்பித்தது. முதலில் பருத்தித் துணிதான் வைத்தோம். நாளுக்கு இருபது துணி. மழை நாளில் ஒன்றும் காயாமல் அறை முழுக்க வாடை அடித்தது. அப்புறம்தான் பெட்டி பெட்டியாக வெள்ளை டிஷ்யூ வீட்டுக்குள் வந்தது. 200 தாள் பெட்டி ஐந்தே நாளில் காலியாகும்.

குப்பைக்கூடை நிறைவதைப் பார்த்து மனசு கேட்காமல், 2023 பொங்கல் கழிந்து மூங்கில் டிஷ்யூவுக்கு மாறினோம். வெளுக்காத வகை என்பதால் பழுப்பு நிறம். தாவரத்தில் இருக்கும் லிக்னின் கொஞ்சம் தாளிலேயே தங்கிவிடுவதால் வரும் நிறம் அது, அழுக்கில்லை. அத்தை முதல் தாளைக் கையில் வாங்கி, “ஏங்கண்ணு, பொட்டலம் மடிக்கிற காகிதமாட்ட இருக்குது?” என்றார். தொட்டால் லேசான விறைப்பும் இருந்தது.

ஆனால் வித்தியாசம் ஈரமானதும் தெரிந்தது. வெள்ளைத் தாள் ஈரம் பட்டதும் பிசிறாக உதிரும். அந்தப் பிசிறு அத்தையின் தாடையிலும் உதட்டோரத்திலும் ஒட்டிக் காய்ந்துவிடும். நகத்தால் எடுக்கப் போனால் முகத்தைச் சுளிப்பார். மூங்கில் தாளை நாலாக மடித்து ஒற்றினால், மடிப்பைத் திருப்பித் திருப்பி நான்கு முறை பயன்படுத்தலாம், பிசிறு விழாது. இதற்கு ஒரு காரணம் இழையின் நீளம். வெள்ளைத் தாள் செய்யப் பயன்படும் தைலமரக் கூழின் இழை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். மூங்கில் இழை சுமார் இரண்டு மில்லிமீட்டர் வரும், ஒன்றோடொன்று நன்றாகப் பின்னிக்கொள்ளும். வாயோரம் சிவந்து வந்திருந்த புண்ணும் இரண்டு மாதத்தில் ஆறியது. அதே சமயம் தேங்காயெண்ணெயும் தடவி வந்தோம், எனவே பாதிப் பெருமை அதற்கு.

செலவைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பெட்டி 75 ரூபாய், மூங்கில் பெட்டி 120. முதல் மாதம் கை நடுங்கத்தான் வாங்கினேன். ஆனால் நாளுக்கு நாற்பது தாள் ஆனது இருபத்தைந்தாகக் குறைந்தது. கணக்குப் போட்டால் இரண்டுக்கும் நாளுக்கு 15 ரூபாய்தான் வருகிறது.

இந்தக் கணக்கிலேயே ஒரு ஏமாற்றமும் பிடிபட்டது. ஒருமுறை வேறொரு விற்பனையாளரிடம் வாங்கிய பெட்டி எட்டு நாள் வராமல் ஆறே நாளில் தீர்ந்தது. அடுத்த பெட்டியைப் பிரித்து, அத்தையும் நானும் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினோம். அவர் இடது கையால் உருவ, நான் அடுக்க, மொத்தம் 160 தாள். அட்டையில் 200 என்று போட்டிருந்தது. படம் எடுத்து அனுப்பினேன், பதிலே வரவில்லை. வாங்கியதும் ஒரு பெட்டியையாவது எண்ணிப் பாருங்கள்.

சமையலறைக்கு வருவோம். செய்தித்தாளில் எண்ணெய்ப் பலகாரம் வைப்பதை நான் நிறுத்தியே ஆக வேண்டியிருந்தது. அச்சு மை உணவில் சேரும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்துவிட்டது. மூங்கில் கிச்சன் ரோல் எண்ணெயை நன்றாகவே உறிஞ்சுகிறது. ஐந்து மெதுவடைக்கு ஒரு தாள் போதும். இதைவிட எனக்குப் பிடித்தது கொத்தமல்லித் தழை விஷயம்: வேரை நறுக்கி, கழுவாமல், ஒரு தாளில் சுற்றி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் பத்து நாள் வாடாமல் நிற்கிறது. அந்தத் தாள் அப்புறம் மாடியில் இருக்கும் உரத்தொட்டிக்குப் போகும். எண்ணெய்த் தாளை அதில் போடுவதில்லை.

துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம் என்று விற்கும் மூங்கில் ரோல் மட்டும் வேண்டவே வேண்டாம். வாங்கி ஏமாந்தேன். மஞ்சள் கறை போகாது, ஏழெட்டுத் துவைப்பில் நூல் நூலாகப் பிரிந்தது. உண்மையில் அது காகிதமே இல்லை. மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கிய விஸ்கோஸ், அதாவது ரேயான். அந்த இடத்துக்குப் பழைய வேட்டித் துணியே திரும்பி வந்துவிட்டது.

டாய்லெட் ரோல், அமெரிக்காவிலிருந்து கொழுந்தனார் குடும்பம் வந்தபோது மட்டும் வாங்கினேன். ஒரு பாட்டில் தண்ணீரில் ஒரு தாளைப் போட்டுக் குலுக்கினால் கரைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். கரைந்தது. கிச்சன் ரோல் கரையவில்லை. அது ஈரத்திலும் கிழியாமலிருக்கச் செய்யப்பட்டது, செப்டிக் டேங்குக்குள் போகவே கூடாது.

ஐப்பசி மழையில் திறந்த பெட்டி ஈரத்தை இழுத்துக்கொண்டு பூஞ்சை வாடை அடிக்கும். அந்தத் தாளை முகத்தில் வைக்க மனசு வராது. மூடியுள்ள முறுக்கு டின்னில் போட்டு வையுங்கள்.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இறக்குமதி என்று இருந்தது. மூங்கில் டிஷ்யூவுக்கான கூழ் பெரும்பாலும் சீனாவில், குறிப்பாக சிச்சுவான் மாகாணத்தில் தயாராகிறது. பிரிட்டனின் நுகர்வோர் அமைப்பான ‘விச்?’ 2024-ல் ஐந்து நிறுவனங்களின் மூங்கில் டாய்லெட் பேப்பரைச் சோதித்தபோது, மூன்றில் மூங்கில் இழை குறைவாகவே இருந்தது. நம் நாட்டில் மூங்கில் இல்லாமலா போயிற்று? ஒரு காலத்தில் இந்தியக் காகித ஆலைகள் நம்பியிருந்ததே மூங்கிலைத்தான். 2017-ல் வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை ‘மரம்’ என்ற கணக்கிலிருந்து எடுத்தும்விட்டார்கள். அது போக, கரும்புச் சக்கையில் காகிதம் செய்யவென்றே 1979-ல் அரசு தொடங்கிய நிறுவனம் இங்கே பக்கத்தில் கரூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

அதனால் கரும்புச் சக்கை டிஷ்யூவும் வாங்கிப் பார்த்தேன். ஈரத்தில் சீக்கிரம் கிழிகிறது, முகத்துக்கு ஆகாது. எண்ணெய் வடிய நன்றாக இருக்கிறது, விலையும் குறைவு. எனவே இப்போது அடுப்படிக்குச் சக்கைத் தாள், கட்டிலோரத்துக்கு மூங்கில் தாள். எச்சில் தாள்கள் எப்படியும் குப்பை வண்டிக்குத்தான் போகின்றன. எண்ணிக்கை எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுதான் குப்பையும் குறைந்தது.

காலையில் முறுக்கு டின்னைத் திறந்து இருபத்தைந்து தாளை எண்ணி, இடது கையால் நாலாக மடித்து அடுக்குவது இப்போது அத்தையின் வேலை. நேற்று இருபத்திரண்டோடு டின்னை மூடிவிட்டார். “இன்னிக்கு இது போதுங் கண்ணு.”