கணபதில பேண்ட்சா பிளேடு வாங்குன கடை

பேண்ட்சாவுக்கு (வளையமா சுத்தற பிளேடால இரும்பு, மரம் அறுக்கற மிஷினுங்க) பிளேடு வாங்கறவங்க இதை ஒருக்கா படிச்சுப்போட்டு போங்க. போன மாசம் வேற ஒரு கடையில, எல்லாத்துக்கும் ஆகும்னு 4/6 பல்லு (இஞ்சுக்கு 4லிருந்து 6 பல்லு) பிளேடைக் குடுத்துட்டாங்க, 3 மிமீ கனமுள்ள சதுர பைப்புல வெச்சதும் சடசடன்னு பல்லு கொட்டிப்போச்சு. கோயமுத்தூர் கணபதில இந்த கடைக்கார அண்ணன் பைப் துண்டை வாங்கி வெர்னியர் அளவுகோல்ல கனத்தை அளந்துட்டுத்தான் பேசவே ஆரம்பிச்சாருங்க, பல்லு இடைவெளி பைப் கனத்தை விடப் பெருசா இருந்தா நடுவுல மாட்டி ஒடச்சுப்போடும், இதுக்கு 10/14, உங்க 60 மிமீ ராடுக்குத்தான் அந்த 4/6னு பொறுமையா சொன்னாரு. மரத்துக்கு இஞ்சுக்கு 3 பல்லு போதுமாம். பிளேடோட ரெண்டு முனையையும் வளையமா சேக்கற வெல்டிங்குக்கு அரை மணி நேரம் காத்திருந்தேன், அது ஒண்ணுதான் கொறை. புது பிளேடை மொதல்ல பாதி அழுத்தத்துல ஓட்டச் சொன்னாரு, அப்படியே ஓட்டுனேன், இன்னும் ஒரு பல்லு கூட போகலைங்க.