கவின் கலைக் கல்லூரியா, வடிவமைப்பு நிறுவனமா? கிராஃபிக் டிசைன் படிக்க இரு வழிகள்

பிளஸ் டூ முடித்து கிராஃபிக் டிசைன் படிக்க விரும்பும் தமிழ்நாட்டு மாணவருக்கு அரசு நிறுவனங்களிலேயே இரு வேறு வழிகள் உள்ளன. ஒன்று, ஓவியம், சுடுமண் கலை போன்ற துறைகளுக்கு நடுவே கிராஃபிக் டிசைனைக் காட்சிவழித் தொடர்பு வடிவமைப்பு என்ற பெயரில் கற்பிக்கும் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியின் பி.எஃப்.ஏ. (கவின்கலை இளநிலைப் பட்டம்); மற்றொன்று, வடிவமைப்புக்கென்றே 1961இல் தொடங்கப்பட்ட அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பி.டெஸ். (வடிவமைப்பு இளநிலைப் பட்டம்). இரண்டும் நான்காண்டுப் படிப்புகள், இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. கட்டணத்தில்தான் பெரிய இடைவெளி: அகமதாபாத்தில் பல லட்சம் ரூபாய் ஆகும், சென்னையில் அது எளிய குடும்பத்துக்கும் எட்டும்.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையின் விளைவாக உருவான அகமதாபாத் நிறுவனத்தில், யாருக்கு என்ன தேவை என்ற கேள்வியிலிருந்தே வடிவம் தொடங்குகிறது. அங்கிருந்த சேகர் காமத் பாரத ஸ்டேட் வங்கிக்கு வரைந்த நீல வட்டச் சின்னம், சிற்றூர்க் கிளையின் பெயர்ப்பலகையிலும் கைபேசித் திரையிலும் ஒரே தெளிவோடு நிற்பதற்கு அந்த ஒழுக்கமே காரணம் என்று நான் கருதுகிறேன். பெரிய நிறுவனங்களின் அடையாள அமைப்புகளையும் செயலிகளையும் வடிவமைக்க விரும்புவோருக்கு இந்தப் பயிற்சியே பொருத்தமானது.

சென்னைக் கல்லூரியின் பலம் வேறு. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அக்கல்லூரியில், வடிவமைப்பு மாணவர் ஓவியர்களோடும் சுடுமண் கலைஞர்களோடும் சேர்ந்தே வளர்கிறார். கோட்டின் கனமும் மையின் பரவலும் மென்பொருளுக்கு முன்பே கைக்குப் பழகிவிடுகின்றன. தமிழ் எழுத்துகளின் வளைவுகளுக்கு இப்பழக்கம் எவ்வளவு தேவை என்பதற்கு கே.எம். ஆதிமூலமே சான்று. அங்கே ஓவியம் பயின்ற அவர் சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் வரைந்த தலைப்பெழுத்துகள், தமிழ் அச்சுலகின் கண்ணையே மாற்றின. தமிழில் வடிவமைக்க வேண்டும் என்ற ஆசை உள்ளவருக்கு, தயங்காமல் இவ்வழியையே பரிந்துரைப்பேன்.

ஆயினும் கலைப் படிப்புகளில் பொதுவாக ஒரு குறை உண்டு: பயனர் ஆய்வும், நீண்ட உரையை வாசிப்புக்கு ஏற்றவாறு அமைக்கும் எழுத்துருவியலும் மாணவரின் சொந்த முயற்சிக்கே விடப்படுகின்றன. அதனைப் பின்னர் ஈடுசெய்யவும் வழி இருக்கிறது. பி.எஃப்.ஏ. முடித்தவர்கள் முதுநிலை வடிவமைப்புப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான சீட் (CEED) எழுதி, மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புத் துறை போன்ற இடங்களில் முதுநிலைப் படிப்பில் சேரலாம். 2010இல் ஏற்கப்பட்ட ரூபாய்ச் சின்னத்தை உருவாக்கிய உதயகுமார், சென்னையில் கட்டடக்கலை பயின்ற பின் அந்தத் துறைக்குச் சென்று தமிழ் எழுத்துகளையே முனைவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர்.

கலை அறிவியல் கல்லூரிகளின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பை இவ்விரண்டுக்கும் மாற்றாக எண்ணிவிடக் கூடாது. அதில் ஒளிப்படம், விளம்பரம், திரைப்படம் என எல்லாவற்றோடும் கிராஃபிக் டிசைனும் ஒரு சிறு பகுதியாகவே வருகிறது.