ரஸ்தாளி என்று சொல்லி மொந்தன் கன்று கொடுத்துவிட்டார்

குடியாத்தம், பள்ளிகொண்டா பக்கம் சந்தையில் வாழைக்கன்று வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

போன வருஷம் ஆனியில், வாரச் சந்தையில் ஒருவரிடம் ரஸ்தாளி என்று 60 கன்று வாங்கினேன். கன்று 25 ரூபாய். வேரைச் சீவி, தண்டை ஒரு சாண் விட்டு நறுக்கி, சேறு பூசி அடுக்கி வைத்திருந்தார். சீவுவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் இலை போய்விட்டால் எந்த வாழை என்று யாராலும் சொல்ல முடியாது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஐந்தாம் மாதம் பக்கத்துக் கொல்லைப் பெரியவர் வந்து பார்த்தார். "இன்னா நைனா, பஜ்ஜிக் கடை வைக்கப் போறியா?" என்றார். ஓர் இலைக்காம்பைக் குறுக்கே அறுத்துக் காட்டினார். மேல்பக்கக் குழிவின் இரண்டு ஓரமும் உள்ளே மடிந்து மூடிக்கிடந்தது. தண்டை விரலால் தேய்த்தால் சாம்பல் மாதிரி வெள்ளைப் பூச்சு ஒட்டியது. இது மொந்தன், சமைக்கிற காய்க்கு வளர்க்கிற வாழை என்றார். ரஸ்தாளி என்றால் காம்பின் ஓரம் சிவந்திருக்கும், தண்டு மஞ்சள் கலந்த பச்சையில் பழுப்புத் திட்டோடு இருக்கும் என்றார். என் கொல்லையில் சிவப்பு என்று மருந்துக்கும் இல்லை.

விற்றவரிடம் போய்க் கேட்டேன். "மண்ணு மாறினா வாழையும் மாறும்" என்றார்! தாய்மரத்தின் கிழங்கில் வெடிக்கிற கன்று வேறு ரகமாக எப்படி மாறும்? பில்லும் இல்லை, பேச்சும் எடுபடவில்லை.

இன்னொன்று, அதில் பத்துப் பன்னிரண்டு நீர்க்கன்று, அதாவது நடவுக்கு ஆகாத வலுவில்லாத கன்று. இலை இருந்திருந்தால் அதுவும் தெரிந்திருக்கும்: நடவுக்கு ஏற்ற ஈட்டிக்கன்றுக்கு இலை ஒடுங்கியிருக்கும், நீர்க்கன்றுக்குச் சின்னதிலேயே அகலமாக இருக்கும்.

அதனால் தோப்புக்கே போய், தார் தொங்குகிற தாய்மரத்தைப் பார்த்து, கண் எதிரில் பெயர்த்து வாங்குங்கள். செவ்வாழையில் மட்டும் ஏமாறுவது கஷ்டம், தண்டே சிவந்திருக்கும். ரஸ்தாளி என்றால் கிழங்கையும் கொஞ்சம் சீவிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இல்லாமல் செம்பழுப்புப் புள்ளி தெரிந்தால் வாடல் நோய், தொடவே வேண்டாம்.

இந்த ஆடிக்கிருத்திகைக்கு ரஸ்தாளித் தார் தருகிறேன் என்று அக்காவிடம் வாய்விட்டிருந்தேன். வறுவலுக்கு இரண்டு சீப்பு மொந்தங்காய்தான் கொடுத்தனுப்பினேன்.